பேராளர்: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ஒரு பொறுப்பின் கதை

2008 மார்ச் 8 மலேசியப் பொதுத் தேர்தலில் உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியை மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) ஜி. பழனிவேல் 198 வாக்குகளில் இழந்தார். 1990 முதல் அவர் தொடர்ந்து வென்றுவந்த தொகுதி அது. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர்கள். இந்திய வாக்காளர்கள் மனம் வைத்தால் முடிவு மாறிவிடும். பதினெட்டு மாதம் கழித்து, 2009 செப்டம்பர் 12ஆம் தேதி, ம.இ.கா. பேராளர்கள் தங்கள் தேசியத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடினார்கள். பழனிவேலுக்கு 629 வாக்கு, மூத்த தலைவர் ச. சுப்பிரமணியத்துக்கு 547, சோதிநாதனுக்கு 280.

தொகுதி மக்கள் வேண்டாம் என்று சொன்னவரைக் கட்சியின் பேராளர்கள் 82 வாக்கு முன்னிலை கொடுத்து இரண்டாவது நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 2010 டிசம்பரில் அவர் தேசியத் தலைவரும் ஆனார். நடுவில் இன்னொன்று நடந்தது. 2010 ஏப்ரலில் அதே உலு சிலாங்கூருக்கு இடைத்தேர்தல் வந்தது. ம.இ.கா. தன் துணைத் தலைவரையே நிறுத்த விரும்பியது. ஆளும் கூட்டணியான தேசிய முன்னணியின் மேலிடம் இசையவில்லை. ப. கமலநாதன் நிறுத்தப்பட்டு, எதிரணியின் சாயிட் இப்ராஹிமை 1,725 வாக்கில் வென்றார். பேராளர்கள் கொடுத்த பதவியைக் கூட்டணி பொருட்படுத்தவில்லை.

2009 செப்டம்பரில் மண்டபத்தில் விழுந்த 1,456 வாக்குகளும் யாருடையவை, வாக்களித்த கை எதுவரை நீளும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. மலேசிய இந்தியர் அரசியலைப் பற்றி எழுதியவர்களில் பலரும் தலைவர்களின் கதையாகவே அதை எழுதியிருக்கிறார்கள். சம்பந்தன் காலம், மாணிக்கவாசகம் காலம், சாமிவேலு காலம் என்று ஆட்சிக்காலம் பிரித்து எழுதுவது எளிது. அந்தத் தலைவர்களைத் தூக்கி நிறுத்திய கைகள் தோட்டத்துக் கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலும் உயர்ந்த கைகள். அங்கிருந்து பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது.

கட்சி ஏணியின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடியில் கிளை. கிளைகள் சேர்ந்து தொகுதி. அது பெரும்பாலும் நாடாளுமன்றத் தொகுதியின் எல்லைக்குள் அடங்கும். தொகுதிகளிலிருந்து தேசியப் பேராளர் மாநாடு. கிளைக் கூட்டத்தில் ஒருவர் பெயரை முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்தால் அவர் தொகுதிக்குப் பேராளர். தொகுதியில் மீண்டும் ஒரு தேர்வு. தேசிய மாநாட்டில் கழுத்தில் அட்டை தொங்க உட்கார்ந்திருப்பவர் இப்படி இரண்டு முறை சல்லடையில் சலிக்கப்பட்டு வந்தவர். சம்பளம் கிடையாது. பெரும்பாலும் சொந்தக் காசில் பேருந்து ஏறி வருபவர்.

உலு சிலாங்கூரை அடுத்த கோலசிலாங்கூர் வட்டாரத்தை ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை சுற்றுப்புறமெங்கும் ஒரு காலத்தில் தோட்டங்கள்தாம்: துவான் மீ, புக்கிட் பாடோங், புக்கிட் ரோத்தான், இன்னும் பல. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அதன் அருகில்தான் தென்னமரம் தோட்டம். தோட்டத்தின் பெயரே தமிழ். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே செம்பனையை நட்டார்; மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்டது அதுதான் முதல் முறை. அவரே பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார். ரப்பரின் இடத்தைப் பிற்பாடு செம்பனை பிடித்ததும், அதற்கு ரப்பரைவிடக் குறைந்த ஆட்களே போதும் என்பதும், தோட்டத்துக் கிளைகளின் தலைவிதியை எந்தக் கட்சித் தலைவரையும்விட அதிகமாகத் தீர்மானித்தன. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கட்சி வருவதற்கு முன்பே பேராளர் இருந்தார். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் கோரிக்கைகளைத் தொகுத்தது. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். தோட்டத்துக்கு வெளியிலிருந்து உறவினரும் நண்பரும் வந்துபோக உரிமை கேட்டார்கள். துரைக்கும் கிராணிக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை கேட்டார்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. கூலி உயர்வைக் கணக்குப் போட்டுக் கேட்கலாம். சைக்கிளிலிருந்து இறங்கிய அவமானத்தைச் சொல்ல லயத்தில் குடியிருப்பவர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து நின்றிருக்க வேண்டும். அந்தக் கோரிக்கைப் பட்டியல் நகரத்து வழக்கறிஞர் எழுதித் தந்த மனுவாக எனக்குத் தோன்றவில்லை. வேலைநிறுத்தத்தை அடக்கப் படை வந்தது; ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் என்ற பெயரில் ம.இ.கா. தோன்றியபோது தோட்டம் அதற்குள் பெரிதாக இல்லை. முதல் தலைவர் ஜான் திவி வழக்கறிஞர். சுபாஸ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் அரசில் இடம்பெற்றவர். அவரை அடுத்து வந்த புத் சிங், கே. ராமநாதன், கே.எல். தேவாசர் ஆகியோர் காலத்திலும் கட்சியின் மூச்சு நகரத்திலேயே ஓடியது. 1955இல் வீ.தி. சம்பந்தன் தலைவரான பிறகுதான் தோட்டக் கிளைகள் பெருகின. கூட்டத்தின் மொழி தமிழானது. ராஜேஸ்வரி அம்பலவாணர் 1945 முதல் 1957 வரையிலான காலத்தை ஆய்ந்து எழுதிய நூல் இந்த மாற்றத்துக்கு நல்ல வழிகாட்டி.

தோட்டக் கிளை எதற்காகப் பிறந்தது? சித்தாந்தத்துக்காக என்று சொன்னால் அது உண்மையாகாது. படிவம் எழுதத்தான். சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமை விண்ணப்பம், பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் தாள் வேண்டியிருந்தது. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்ற விதி வந்தபோது பல்லாயிரம் பேர் கப்பலேறி இந்தியா திரும்பினார்கள். சிவப்பு அட்டையை நீலமாக மாற்ற முடியாதவர்கள் அவர்கள். அந்த நாளில் தோட்டத்தில் யாருக்கு மலாயும் ஆங்கிலமும் எழுதத் தெரியுமோ அவரே கிளைச் செயலாளர். பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், இல்லையென்றால் ஆபீஸ் கிராணி. எழுதப் படிக்கத் தெரிந்தவரின் வீட்டுத் திண்ணையே கிளை அலுவலகம்.

இங்கே ஒரு கூட்டத்தை அருகில் நின்று பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். காலை இருட்டில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று பால் வெட்டி, பால் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, குளித்துச் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் முடிந்திருக்கும். மாரியம்மன் கோயிலை ஒட்டிய மண்டபம். வாசலில் மேசை போட்டு வருகைப் பதிவேடு: பெயர், அடையாள அட்டை எண், கையொப்பம், எழுதத் தெரியாத பாட்டிக்குக் கட்டைவிரல் மை. கடவுள் வாழ்த்து, சென்ற கூட்டக் குறிப்பு, கணக்கறிக்கை. கணக்கு படிக்கும்போது பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குச் செலவான தொகையைப் பற்றி யாராவது எழுந்து கேட்பார். கிளைத் தலைவர் பதில் சொல்வார். அப்புறம் தேர்தல். ‘முன்மொழிகிறேன்’, ‘வழிமொழிகிறேன்’. பேராளர் பெயர்கள் வந்ததும் மண்டபத்தில் சற்று அமைதி. யார் போக வேண்டும் என்பது முதல் நாளே டீக்கடையில் முடிவாகியிருக்கும். ஆனாலும் பெயர் வாசிக்கப்படும்போது அந்த ஆள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து கும்பிடுவார். கடைசியில் தீர்மானம். தலைமைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் முதலில். லயத்துத் தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூரை, வீட்டுரிமை ஆகியவை அதற்குப் பின்.

சிறியதாகத் தெரியும் இந்தச் சடங்கில் பெரிய விஷயம் இருந்தது. தோட்டத்தில் துரை, கிராணி, மண்டோர் எல்லோரும் நியமிக்கப்பட்டவர்கள். தொழிலாளி தன் கையைத் தூக்கி ஒருவரைத் தேர்ந்தெடுத்த இடங்கள் மிகச் சில: கோயில் நிர்வாகம், தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்டக் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கம், கட்சிக் கிளை. பெரும்பாலும் இந்த நான்கிலும் முன்வரிசையில் இருந்தது ஒரே ஆள்தான். அதனால் அவர் சொல்லுக்குக் கனம் இருந்தது. தவறு செய்தால் மறுநாள் பிரட்டுக் களத்தில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். பேராளரைப் பொறுப்புடன் வைத்திருந்தது கட்சி விதி என்று நான் நம்பவில்லை. அடுத்த வீட்டுக்காரர் என்ற உறவே அதைச் செய்தது.

பழைய நாளைப் பொன்னாக்கிச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அந்த மண்டபத்தில் சாதி உட்கார்ந்திருந்தது. யார் தலைவர், யார் உதவித் தலைவர், யார் பேராளர் என்பதில் ஊர்க் கணக்கு ஓடியது. ராஜகிருஷ்ணன் ராமசாமி மலேசியத் தமிழரிடையே சாதி உணர்வைப் பற்றி 1984இலேயே நூல் எழுதினார். எம்.ஜி. பண்டிதன் 1988இல் ம.இ.கா.விலிருந்து நீக்கப்பட்டு, 1990இல் அகில மலேசிய இந்தியர் முற்போக்கு முன்னணியைத் தொடங்கியபோது தோட்டத்து எளிய மக்கள் திரளாக அவர் பின்னால் போனார்கள். கிளைக் கூட்டத்தில் தங்கள் கை எண்ணப்படவில்லை என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். பெண்கள் நிலையும் அப்படியே. பால்வெட்டில் பாதி உழைப்பு அவர்களுடையது. கூட்டத்தில் மகளிர் பிரிவுக்கென்று ஓர் இடம் ஒதுக்கிவிட்டு, மற்ற நாற்காலிகளை ஆண்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். வருகைப் பதிவேட்டில் பெண்களின் கையொப்பம் நிறைந்திருக்க, பேராளர் பட்டியலில் ஒன்றிரண்டு பெயர் மட்டும்.

கிளை மேல் மக்கள் வைத்திருந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதற்கு மைக்கா ஹோல்டிங்ஸ் ஒன்றே போதும். 1982இல் ம.இ.கா. தொடங்கிய அந்த நிறுவனத்துக்குச் சுமார் 66,000 பேர் சேர்ந்து ஏறக்குறைய 10 கோடியே 60 லட்சம் ரிங்கிட் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய கதையைச் சொல்லாத தோட்டக் குடும்பம் அரிது. பங்கு விண்ணப்பம் தோட்டம்வரை போனது கட்சியின் ஏணி வழியாகத்தான். கிளைத் தலைவர் சொன்னார், பேராளர் சொன்னார், மக்கள் கொடுத்தார்கள். 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் விலை வந்தபோது, வாங்கியவர்களில் பலர் உயிரோடு இல்லை. ஏணியில் கீழிருந்து பணம் ஏறியது. மேலிருந்து கணக்கு இறங்கவில்லை. பங்கு எடுக்கச் சொல்லி வீடு வீடாகப் போன எளிய கிளைப் பொறுப்பாளர்கள் அதே லயத்தில் அதே மனிதர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் கழித்த ஆண்டுகளை எந்த அறிக்கையும் பதிவு செய்யவில்லை.

இனி ஈஜோக். கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கும் சட்டமன்றத் தொகுதி. 2007 ஏப்ரலில் அதன் உறுப்பினர் கே. சிவலிங்கம் காலமானார். ம.இ.கா.வின் இடம். சுமார் 12,000 வாக்காளர். அதில் கால்பங்குக்கு மேல் இந்தியர். ஏப்ரல் 28 அன்று வாக்குப்பதிவு. ம.இ.கா.வின் கே. பார்த்திபனை எதிர்த்து மக்கள் நீதிக் கட்சியின் காலிட் இப்ராஹிம் நின்றார். காலிட் சாமானியரல்லர்: 1981இல் கத்ரி நிறுவனத்தை லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் மலேசியா கைப்பற்றியதில் முன்னின்றவர்; பின்னர் அதே கத்ரியை நடத்தியவர். தோட்ட முதலாளியாக இருந்தபோது எங்களுக்கு என்ன செய்தாய் என்ற கேள்வியை ஆளும் தரப்பு தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனது. பல காலம் காத்துக் கிடந்த சாலைகளுக்குச் சில நாளில் தார் வந்தது. பார்த்திபன் 5,884, காலிட் 4,034.

வேட்பாளரை ஈஜோக் கிளைகளின் பேராளர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்களா? இல்லை. அது கட்சித் தலைமையும் கூட்டணித் தலைமையும் பேசி முடித்த விஷயம். கிளைகளின் வேலை வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது, வண்டி ஏற்பாடு செய்வது, வாக்குச் சாவடிக்கு வெளியே பந்தலில் உட்காருவது. அதை அவர்கள் நெஞ்சார உழைத்துச் செய்தார்கள். 1,850 வாக்கு வித்தியாசம் அந்த உழைப்பின் அளவு. ஏழு மாதம் கழித்து, நவம்பர் 25இல், இந்து உரிமைப் போராட்டக் குழுவான இண்ட்ராஃபின் பேரணிக்குக் கோலாலம்பூர் சாலைகளில் இந்தியர்கள் திரண்டார்கள். 2008 மார்ச்சில் ஈஜோக் காலிட் கைக்குப் போனது. அவர் சிலாங்கூரின் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஆனார். நாடு முழுக்க ம.இ.கா. நின்ற ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் மூன்றுதான் மிஞ்சின.

பதினொரு மாதத்துக்குள் அப்படித் தலைகீழானதற்கு இண்ட்ராஃப் அலை ஒரு காரணம். இன்னொன்று இந்தப் பேராளர் ஏணியிலேயே இருந்தது என்பது என் முடிவு. கோபம் கீழே சேர்ந்துகொண்டிருந்தது. அது கிளைக் கூட்டத்தில் தீர்மானமாகி, தொகுதிக்குப் போய், மாநாட்டு மேடை ஏறியிருக்க வேண்டும். மாநாட்டு மேடையில் கேட்டதெல்லாம் நன்றித் தீர்மானம். கீழிருக்கும் சூட்டை மேலே சொல்லவேண்டிய குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. கோபம் தெருவுக்குப் போக வேண்டியதாயிற்று.

அடைப்புக்குக் காரணம் தேடினால் தோட்டம் கலைந்த கதைக்கு வந்து நிற்போம். தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதே ஆபத்து தெரிந்திருந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். நிலம் வீடமைப்புக்கும் பிற திட்டங்களுக்கும் போனது. லயத்துக் குடும்பங்கள் பெஸ்தாரி ஜெயாவின் தாமான்களுக்கும், கிள்ளானுக்கும், ஷா ஆலாம் அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போயின. கிளை மட்டும் கலையவில்லை. அதற்குப் பழைய தோட்டத்தின் பெயரே இருந்தது. உறுப்பினர் பட்டியலும் இருந்தது. பட்டியலில் இருந்தவர்கள் ஒரே இடத்தில் இல்லை. முன்பு ஓர் இடத்துக்காகப் பேசிய பேராளர் இப்போது ஒரு பட்டியலுக்காகப் போனார். பட்டியல் பிரட்டுக் களத்தில் வழிமறித்துக் கேள்வி கேட்காது.

பட்டியல் என்றானதும் அதைப் பெருக்கவும் முடியும். ‘போலிக் கிளை’ என்ற சொல் ம.இ.கா. வட்டாரத்தில் பல காலமாகப் புழங்குகிறது. உறுப்பினர் சந்தாவை உறுப்பினரே கட்டினாரா, வேறு யாரோ மொத்தமாகக் கட்டினாரா என்பது எந்தக் கட்சியிலும் கேட்கத்தக்க கேள்வி. நாடு முழுக்க மூவாயிரத்துக்கு மேற்பட்ட கிளைகள் என்று கட்சி பெருமையாகச் சொல்லிவந்த காலத்தில்தான் அதன் நாடாளுமன்ற இடங்கள் ஒன்பதிலிருந்து மூன்றுக்கு இறங்கின.

கிளைப் பதிவு என்ற காகிதம் எவ்வளவு கூர்மையானது என்பதைக் கூட்டணியின் தலைமைக் கட்சியான அம்னோ ஏற்கெனவே கற்றிருந்தது. 1987 ஏப்ரல் 24இல் நடந்த அதன் தலைவர் தேர்தலில் மகாதீர் 761 பேராளர் வாக்கும், தெங்கு ரசாலி 718 வாக்கும் பெற்றார்கள். 43 வாக்கு வித்தியாசம். பதிவு பெறாத கிளைகளிலிருந்து வந்த பேராளர்களும் அந்தத் தேர்தலில் கலந்துகொண்டார்கள் என்று சில உறுப்பினர்கள் நீதிமன்றம் போனார்கள். 1988 பிப்ரவரி 4இல் நீதிபதி ஹாருன் ஹாஷிம், முப்பது கிளைகள் பதிவு பெறாததைக் காட்டி, கட்சியே சட்டப்படி செல்லாத சங்கம் என்றார். நாட்டின் மிகப் பெரிய கட்சி, கிளைகளின் பதிவுக் குறையால் செத்தது. அதன் பிறகு 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தில் 18சி என்ற பிரிவு வந்தது: கட்சியின் உள்விவகாரத்தில் கட்சியின் முடிவே இறுதி; நீதிமன்றம் தலையிடாது.

ம.இ.கா.வின் முறை 2013இல் வந்தது. அந்த ஆண்டின் உட்கட்சித் தேர்தலைப் பற்றிப் புகார்கள் போயின. 2014 டிசம்பரில் சங்கப் பதிவிலாகா மறுதேர்தல் நடத்தச் சொன்னது. தலைவர் பழனிவேல் நீதிமன்றம் போனார். 2015 ஜூனில் தோற்றார். கட்சி விவகாரத்தை உள்ளே முறையிடாமல் நீதிமன்றம் கொண்டுபோனால் உறுப்பியம் போகும் என்ற கட்சி அமைப்புவிதி 91ஆம் பிரிவைக் காட்டி அவர் உறுப்பினரே இல்லை என்று மறுதரப்பு அறிவித்தது. 82 வாக்கு முன்னிலையில் பேராளர்கள் உயர்த்திய மனிதர், ஒரு விதியின் எண்ணால் வெளியேறினார். அந்த ஆண்டு தேர்தல் கிளையிலிருந்து மறுபடி தொடங்கியது. யார் கிளை செல்லும், யார் கிளை செல்லாது என்பதற்கு இரு தரப்பும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நின்றன. எந்தக் கிளையில் உயிருள்ள மனிதர்கள் கூடினார்கள் என்பது அந்த வழக்கில் ஓரத்துக் கேள்வியாகிவிட்டது. எனக்கு அதுவே மையக் கேள்வி.

இந்தச் சிக்கல் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதல்ல. ஜனநாயகச் செயல் கட்சி 2012 டிசம்பரில் பினாங்கில் மத்தியச் செயற்குழுவைத் தேர்ந்தெடுத்தது. வாக்கைக் கூட்டியதில் தவறு என்று பிறகு தெரிந்தது. பேராளர் பலருக்கு அழைப்பே வரவில்லை என்ற புகாரும் எழுந்தது. 2013 செப்டம்பரில் மறுதேர்தல். அம்னோ 2009இல் விதியைத் திருத்தி, சுமார் 2,500 பேராளர் கையிலிருந்த வாக்கை ஏறக்குறைய 1,46,000 பேருக்குப் பரப்பியது. விலைக்கு வாங்கவேண்டிய கூட்டம் பெரிதானால் பணம் தோற்கும் என்பது எதிர்பார்ப்பு. மக்கள் நீதிக் கட்சி 2010இல் உறுப்பினருக்கு ஆளுக்கொரு வாக்கு கொடுத்தது. கோலசிலாங்கூர், ஈஜோக் பக்கத்தில் தோட்டத்தில் பிறந்த இளைஞர்கள் பலர் இந்தக் கட்சிகளுக்கு நகர்ந்தார்கள். அங்கே அவர்கள் கிளையில் சிறுபான்மை. பேசுவது மலாயில். கோயில் மண்டபத்தில் எழுந்து பொங்கல் கணக்குக் கேட்ட அதே துணிச்சலோடு அங்கே எழுந்து கேட்க இன்னொரு பயிற்சி தேவைப்பட்டது. சிலர் அதை அழகாகக் கற்றுக்கொண்டார்கள்.

நேரடி வாக்கே தீர்வு என்பவர்களோடு நான் முழுதாக உடன்படவில்லை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அக்கம்பக்கத்தார் ஒரு பள்ளிக்கூட அரங்கில் கூடி, தாங்கள் ஆதரிக்கும் அதிபர் வேட்பாளருக்காக ஆளுக்கொரு மூலையில் நின்று, போதிய ஆள் சேராத மூலையினரை மற்றவர்கள் பேசி இழுத்து, கடைசியில் மேல் மாநாட்டுக்குப் பேராளர்களை அனுப்பிவந்தார்கள். 2020 பிப்ரவரி 3 இரவு கணக்கு அனுப்பும் செயலி கெட்டு முடிவு தாமதமானது. அந்த முறையே கேலிக்கு ஆளானது. ஆனாலும் அங்கே நடந்த ஒன்று முக்கியமானது. பக்கத்து வீட்டுக்காரர் ஏன் அந்த மூலையில் நிற்கிறார் என்று முகம் பார்த்துக் கேட்க முடிந்தது. தோட்டத்துக் கோயில் மண்டபத்திலும் அதுதான் இருந்தது. உறுப்பினர் தனியாக ஒரு திரையை அழுத்தி வாக்களிக்கும்போது வாக்கு விரிகிறது, பேச்சு சுருங்கிவிடுகிறது. பேராளர் முறையின் உயிர், வாக்குக்கு முன்னால் நடக்கும் அந்தப் பேச்சில் இருக்கிறது.

அந்தப் பேச்சு கட்சிக் கிளைக்கு வெளியே தொடர்ந்த இடமும் உண்டு. உலு சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்று ஐந்து தோட்டங்கள். நிலம் கைமாறியபின் அங்கே வாழ்ந்த குடும்பங்கள் தங்களுக்குச் சொந்த வீடு வேண்டும் என்று பல்லாண்டு போராடின. 245 குடும்பங்களின் கோரிக்கை அது. குடியிருப்பாளர்கள் தாங்களே குழு அமைத்தார்கள். மலேசிய சோசலிசக் கட்சித் தோழர்கள் கூட நின்றார்கள். மகஜர், அமைச்சர் சந்திப்பு, ஏமாற்றம், மறுபடி மகஜர். 2020களில் மத்திய அரசு அந்த வீடுகளுக்கு நிதி ஒதுக்க முன்வந்தது. இத்தனை ஆண்டில் கட்சிகளின் தொகுதிக் கூட்டங்கள் அதே வட்டாரத்தில் ஆண்டுதோறும் கூடிக் கலைந்தன. பேராளர்கள் அட்டை அணிந்து மாநாட்டுக்குப் போய்வந்தார்கள்.

ஆண்டுக் கூட்டம் முடிந்து அறுபது நாளுக்குள் கிளையின் அறிக்கை பதிவிலாகாவுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது சட்டம். அதில் பொறுப்பாளர் பெயரும் கணக்கும் இருக்கும். யாருடைய லயத்தில் தண்ணீர் வரவில்லை, யார் வீட்டுரிமை கேட்டு எத்தனையாவது ஆண்டாக எழுதுகிறார்கள் என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. அதற்கு இடமிருப்பது கிளையின் கூட்டக் குறிப்பேட்டில்தான்: நீலக் கோடு போட்ட, மூலை மடிந்த, செயலாளர் வீட்டு அலமாரியில் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கும் அந்த நோட்டில். அப்படிப்பட்ட நோட்டுகள் வட சிலாங்கூரில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கும். வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும் கிராணிகளுக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் வீடு மாறும்போது பழைய தாள்களோடு அவற்றையும் கட்டித் தூக்கிப் போட்டுவிடாமல், யாராவது போய்க் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். இந்த ஆண்டே போக வேண்டும்.